அடம்பன் கொடி படர்ந்த கரை

இலங்கைத் தீவின் படத்தை விரித்துப் பார்த்தால், அதன் தலைப்பக்கத்தில் கடலை நோக்கிக் கை நீட்டியதுபோல் தோன்றுவது யாழ்ப்பாணக் குடாநாடு. மலை என்று சொல்ல ஒரு மேடு இல்லை. ஆறு என்று சொல்ல ஆண்டு முழுவதும் ஓடும் நீர் இல்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லிய போர்வையாக மண் கிடக்க, அந்த மண்ணை நம்பிப் பனையும், பனையை நம்பி மனிதரும் வாழ்ந்து வருகின்றனர். இத்தகைய தட்டை நிலத்தில், வங்காள விரிகுடாவுக்கு நேரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பது வடமராட்சியின் கீழ்க்கரை. கார்த்திகையும் மார்கழியும் வந்தால் அக்கரையில் வாழ்வோரின் கண் வானத்திலும், காது காற்றிலும் இருக்கும். அவர்களைக் கண்டு வர வேண்டும் என்பது நமது நெடுநாளைய எண்ணம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 33 கிலோமீற்றர். புகையிலைத் தோட்டங்களையும் வெங்காயப் பாத்திகளையும் கடந்து, வல்லை வெளியில் நுழைந்ததும் பஸ் வண்டியின் யன்னல் வழியே காற்று முகத்தில் அறைகிறது. இரு மருங்கும் உவர்நிலம். தொலைவில் தொண்டைமானாற்றுக் கடனீரேரி. மரமில்லாத அவ்வெளியில் காற்றுக்குத் தடையென்று ஒன்றுமில்லை. குடாநாட்டிற் காற்று எத்தகைய செல்வாக்குடையது என்பதை அறிய விரும்புவோர் வல்லை வெளியை ஒருமுறை கடந்தாற் போதும்.

பருத்தித்துறைக்கு மேற்கே உள்ளது வல்வெட்டித்துறை. காற்றைப் பணியாளாகக் கொண்டு வாழ்ந்த ஊர் அது. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்திற் சேர்த்தனர். இன்றும் தைப்பொங்கல் நாளன்று அவ்வூர்க் கடற்கரையில் விதவிதமான பட்டங்கள் வாடைக்காற்றில் ஏறி நிற்பதைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர்.

இப்பகுதி மக்கள் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது சோளகம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். சோளகம் ஒரு தொழில் தரும். வாடை வேறொரு தொழில் தரும். எந்தக் காற்றில் எந்த மீன் கரையை அண்டும், எந்தக் காற்றில் வள்ளத்தைக் கரையேற்றிவிட வேண்டும் என்பதெல்லாம் எழுதாத சாத்திரமாக அவர்களிடம் வழங்கி வருகிறது. உறவினரைப் பெயர் சொல்லி அழைப்பதுபோல் காற்றையும் பெயர் சொல்லி அழைக்கும் இம்மக்களுக்கு, அந்த நான்கு பெயருக்குள்ளும் அடங்காத காற்று ஒன்றும் தெரியும். அதுதான் புயல்.

மணலுக்குள் ஒரு கோயில்

பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்காகச் செல்லும் வழியில் முதலில் வருவது வல்லிபுரம். ஆழ்வார் கோயிலின் கோபுரம் மணல் வெளியின் நடுவே தனித்து நிற்கிறது. 1936இல் பொன்னேடு ஒன்று கண்டெடுக்கப்பட்டதனால் வரலாற்று ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த ஊர் இது. புரட்டாதி மாதத்துத் திருவிழாவில் சுவாமி கடலுக்கு எழுந்தருளித் தீர்த்தமாடும்போது, குடாநாட்டின் நாற்புறத்திலுமிருந்து வரும் அடியார்கள் அந்த மணலிற் கால் புதைய நடந்து செல்வர்.

வல்லிபுரத்தைத் தாண்டினால் மணற்காடு. பெயருக்கு ஏற்ற ஊர். குடாநாட்டில் வேறெங்கும் காணமுடியாத மணல்மேடுகள் இங்கே அலை அலையாக எழுந்து நிற்கின்றன. சில மேடுகள் வீட்டுக் கூரையை விட உயரம். அவற்றின் நடுவே, சுவர்கள் மட்டும் எஞ்சி, பாதி உடல் மணலிற் புதைந்து கிடக்கிறது பழைய அந்தோனியார் தேவாலயம். கூரை இல்லை, கதவு இல்லை, வாயிலின் வளைவினூடே வெண்மணலும் நீலவானும் தெரிகின்றன. காற்று ஒவ்வோர் ஆண்டும் கைப்பிடி கைப்பிடியாக மணலை வாரி இறைத்து ஒரு கோயிலையே விழுங்கத் தொடங்கியிருக்கிறது. ஊரார் அதனோடு போராடிப் பார்த்து, பின்னர் புதிய ஆலயத்தைக் கட்டிக்கொண்டனர்.

அவ்விடத்தில் நிற்கும்போது ஒரு முரண்பாடு நம் சிந்தையைத் தொட்டது. கோயிலை மூடிய இதே மணல்தான் ஊரைக் காத்தும் நிற்கிறது. கடல் பொங்கி வரும்போது முதலில் மார்பு கொடுப்பது இம்மேடுகளே. மாரி மழையை உறிஞ்சித் தம் வயிற்றில் வைத்திருந்து, கடலுக்கு இத்தனை அண்மையிலும் குடிக்க நல்ல நீர் கொடுப்பவையும் இவையே. மணல் ஊர்ந்து செல்லாதிருக்கச் சவுக்கு மரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். அத்தோப்பினுள் புகுந்தால், கடலோசையும் சவுக்கின் இரைச்சலும் ஒன்றாகிவிடுகின்றன.

மரத்துக்கும் முன்னே, அலையின் ஓரத்தில், இன்னொரு காவற்காரன் உண்டு. இராவணன் மீசை என்னும் முட்புல்லும் அடம்பன் கொடியும் மணலைத் தம் வேர்களாற் பின்னிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஊதாப் பூப் பூத்த அந்த மெல்லிய கொடியை ஒரு சிறுவன் ஒரு கையால் அறுத்துவிடலாம். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நம்மவர் சொல்வது எத்துணை உண்மை என்பதை அறிய இக்கரைக்குத்தான் வரவேண்டும். கொடி பிடித்த இடத்தில் மணல் தங்குகிறது. மணல் தங்கிய இடத்தில் மேடு எழுகிறது. மேடு எழுந்த இடத்தின் பின்னால் மனிதன் வீடு கட்டுகிறான்.

புயல் வந்த ஆண்டுகள்

குடாநாட்டின் புயற் கதை இன்று நேற்றுத் தொடங்கியதன்று. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுள், 1627இல், பெருங்காற்றும் கடற்பெருக்கும் பட்டினத்தைத் தாக்கியதைப் பாதிரியார் குவேறோஸ் தமது வரலாற்று நூலில் எழுதியுள்ளார். ஆயினும் இன்று உயிரோடிருக்கும் முதியோருக்குப் 'புயல்' என்றால் அது 1964ஆம் ஆண்டுதான்.

அவ்வாண்டு மார்கழி மாதம், அந்தமானுக்குத் தெற்கே பிறந்த தாழமுக்கம் ஒன்று மேற்கு நோக்கி வந்து, 22ஆந் தேதி இலங்கையின் வடபகுதியைக் குறுக்கறுத்து, அன்றிரவே மன்னார்க் கடலைத் தாண்டித் தனுஷ்கோடியில் ஏறியது. மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய அக்காற்று, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகைவண்டியை அதிலிருந்த அனைவருடனும் கடலுக்குள் இழுத்துச் சென்றதை உலகம் அறியும். அதே காற்று தலைமன்னாரையும், குடாநாட்டின் கரையோர ஊர்களையும் அலைக்கழித்தது. நூற்றுக்கணக்கான வள்ளங்களும் ஆயிரக்கணக்கான வீடுகளும் அழிந்தன. கடலுக்குச் சென்ற பலர் மீளவில்லை.

மையம் வவுனியாப் பக்கமாகச் சென்றிருக்க, குடாநாடு ஏன் இத்துணை துன்புற வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். நம் பகுதியிற் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுழல்வது. மேற்கு நோக்கி நகரும் புயலின் வலப்பக்கத்தில், சுழலும் வேகமும் நகரும் வேகமும் ஒன்றுகூடுகின்றன. திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறி மன்னார் நோக்கிச் செல்லும் புயலுக்குக் குடாநாடு அந்த வலப்பக்கத்தில் அகப்படுகிறது. கிழக்கிலிருந்து வரும் பெருங்காற்று கடலை நேரே கீழ்க்கரையின்மேல் தள்ளுகிறது. கரையோரக் கடலும் பாக்கு நீரிணையும் ஆழம் குறைந்தவை. தள்ளப்பட்ட நீர் கீழே இறங்க இடமின்றி மேலே எழுகிறது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் தேதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய 'புரெவி'ப் புயல் ஏறக்குறைய இதே பாதையிற்றான் சென்றது. அதன் வலு 1964இன் புயலுக்கு ஒப்பன்று. ஆயினும் குடாநாட்டிற் கூரைகள் பறந்தன, வள்ளங்கள் உடைந்தன, வெள்ளம் வீடுகளுட் புகுந்தது.

காற்றை விட நீரால் வருத்திய புயல்களும் உண்டு. 2008 நவம்பரில் 'நிஷா' குடாநாட்டை நெருங்கித் தயங்கி நின்றது. 25ஆந் தேதி ஒரே நாளில் யாழ்ப்பாணத்திற் பெய்த மழை 390 மில்லிமீற்றர் அளவினது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. போரும் நடந்துகொண்டிருந்த காலம் அது. 2024 நவம்பரில், பின்னர் புதுச்சேரியருகே கரையேறிய 'ஃபெங்கல்', இலங்கையின் கீழ்க்கரையை உரசிச் சென்றபோது மீண்டும் வெள்ளம். 2025 நவம்பரில் 'டித்வா' நாடு முழுவதையும் உலுக்கி, மலைநாட்டில் மண்சரிவால் பேரழிவை விளைத்தபோது, வடக்கும் அதன் கையிலிருந்து தப்பவில்லை.

இவற்றுக்கிடையே, காற்றே இல்லாத ஒரு காலையில் வந்தது 2004 டிசம்பர் 26. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராக் கடலடியிற் பிறந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மணற்காடு முதல் உடுத்துறை, ஆழியவளை, கட்டைக்காடு வரை இக்கரை ஊர்கள் அனைத்திலும் அழுகுரல் எழுந்தது. மணற்காட்டு மணலில் அன்று மாண்டோரின் கல்லறைகள் நிற்கின்றன. சில மிகச் சிறியவை. அவற்றின்முன் நீண்ட நேரம் நிற்க நமக்கு மனவலிமை இருக்கவில்லை.

ஒரு வாடியின் நிழலில்

கரையில், ஓலை வேய்ந்த வாடி ஒன்றின் நிழலில், முதியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், "வாங்கோ தம்பி, வெயிலுக்கை நில்லாதேங்கோ, இதிலை இருங்கோ" என்று ஒரு சாக்கை உதறி விரித்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். விரல்கள் நம்மோடு பேசும்போதும் கண்ணியை விட்டு விலகவில்லை.

அறுபத்து நான்காம் ஆண்டைப் பற்றிக் கேட்டோம்.

"நான் அப்ப பொடியன், ஐயா உயிரோடை. கடல் கறுத்துப்போச்சு, வள்ளத்தை ஏத்துங்கோ எண்டு கத்தினவர். எங்கடை ஆக்கள் ஏத்திப்போட்டினம். முதல்நாளே போன ஆக்களுக்கு ஆர் சொல்லுறது? பெண்டுகள் கரையிலை விளக்குப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. காத்து விளக்கை விடேல்லை."

சற்று நேரம் வலையைப் பார்த்திருந்தார்.

"காத்து எண்டால் சொல்லிப்போட்டுத்தான் வரும், தம்பி. நீரோட்டம் மாறும், அலை பாரமாய் விழும், பறவை உள்ளுக்கு வரும். சொல்லாமல் வந்தது அந்த அலை ஒண்டுதான்."

ஆழிப்பேரலையின் பின், வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் 2005இல் விதித்ததும், பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டதும் நினைவுக்கு வந்தன. அப்பாலே போய்விட மனம் வரவில்லையா என்று வினவினோம். அவர் சிரித்தார்.

"தூரத்திலை வீடு தந்தால் படுக்கிறதுக்கு நல்லதுதான். வள்ளமும் வலையும் இங்கை கிடக்க நான் அங்கை கிடந்து என்ன செய்யிறது? இரவு கடல் என்ன சொல்லுது எண்டு ஆர் கேக்கிறது?"

அவர் மனைவியார் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டுகளும் கொண்டுவந்து வைத்தார். அதுவரை பேசாதிருந்த அம்மையார், மணல்மேட்டுப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: "கடலுக்குப் பயப்பிடேல்லைத் தம்பி. உந்த மண்ணை அள்ளிக்கொண்டு போறவைக்குத்தான் பயம். இரவிலை வந்து ஏத்துகினம். மண் போனால் பிறகு எங்களுக்கு என்ன மறைப்பு இருக்கு?"

அவர் காட்டிய திசையிற் சென்று பார்த்தோம். மேட்டின் ஒரு பக்கம் வாளால் அறுத்த பலாப்பழம்போல் நேராக வெட்டுண்டு நின்றது. வெட்டப்பட்ட முகத்தில் அடம்பன் வேர்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே உழவு இயந்திரத்தின் சில்லுத் தடம்.

மூன்று ஊர்கள் தரும் பாடம்

போர் முடிந்த 2009இன் பின் குடாநாட்டில் வீடுகள் எழுகின்றன, வீதிகள் எழுகின்றன, எழவும் வேண்டும். அவற்றுக்கெல்லாம் மணல் வேண்டும். வடமராட்சி கிழக்கின் மணல் அள்ளப்படுவது குறித்து ஊரார் முறையிடுவதும், பொலீசார் பிடிப்பதும், மறுபடியும் அள்ளப்படுவதும் வாடிக்கையாகிவிட்டன. ஒருவன் வீட்டுச் சுவருக்காக மற்றொருவன் ஊர்ச்சுவர் இடிக்கப்படுகிறது என்பதே இதன் பொருள். மணல்மேட்டின் விலை என்ன என்பதை 2004இலேயே நாம் கண்டோம். யால வனத்தையொட்டிய கரையில், கடற்காட்சி தெரிய வேண்டுமென்று முன்னிருந்த மணல்மேட்டை அகற்றியிருந்த விடுதியொன்று அலையால் அழிந்தது. மேடு குலையாது நின்ற பக்கங்களில் அலை தடைப்பட்டது.

புயல் அடித்த ஊர்கள் உலகிற் பலவகையாகப் பதில் சொல்லியிருக்கின்றன. தனுஷ்கோடி வாழத் தகாத இடமென்று அறிவிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. இன்று அங்கே இடிந்த தேவாலயமும் புகைவண்டி நிலையத்தின் சிதைவுகளும் பார்வைப் பொருளாகிவிட்டன. அமெரிக்காவின் கல்வெஸ்ரன் நகரம், 1900 செப்டெம்பர் 8ஆந் தேதிப் புயலில் ஆயிரக்கணக்கானோரை இழந்தபின், பெரிய கடற்சுவர் எழுப்பியது. நிலத்தையே மண்ணிட்டு உயர்த்தியது. பணமுள்ள நகரத்தின் விடை அது. மூன்றாவது விடை வங்காளதேசத்தினுடையது. 1970இல் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்களைப் புயலுக்குப் பறிகொடுத்த அந்நாடு, உயர்ந்த தூண்களின்மேல் புகலிடக் கட்டடங்களைக் கட்டியும், ஊர்தோறும் தொண்டர்களைப் பழக்கியும், முன்னறிவிப்பை வீட்டு வாசல்வரை கொண்டு சென்றும், பின்வந்த புயல்களில் உயிரிழப்பை மிகப்பெரிதும் குறைத்துவிட்டது. அதுவும் செல்வம் மிகுந்த நாடன்று.

மணற்காடு போன்ற ஊர்களுக்கு முதல் விடை கொடுமை. இரண்டாவது விடை கைக்கு எட்டாதது. மூன்றாவது விடை எட்டக்கூடியது. 1964இல் கடலுக்குப் போனவனுக்கு எட்டாத செய்தி இன்று அவன் மடியிலிருக்கும் கைத்தொலைபேசிக்கு எட்டுகிறது. 2005ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைந்துவிட்டது. இரவோடிரவாக முதியோரையும் குழந்தைகளையும் கொண்டுபோய்ச் சேர்க்க உறுதியான ஒரு கட்டடமும், அங்கே செல்ல நீர் தேங்காத ஒரு வழியும், வள்ளங்களைப் பத்திரமாக ஏற்றிவைக்க ஓர் இடமும் இருந்தால், மற்றவற்றை அம்மக்கள் தாமே பார்த்துக்கொள்வர். கடலைப் படிக்க அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவர்களாற் செய்ய முடியாதது ஒன்று உண்டு. இரவில் வரும் உழவு இயந்திரங்களை வலை பொத்தும் கைகளால் தடுத்து நிறுத்த முடியாது. அது அரசினர் கடமை. அம்மணலை வாங்கி வீடு கட்டும் நம் போன்றோரின் கடமையும்கூட. நல்லூரிலோ கொக்குவிலிலோ புதுவீட்டுக்கு மணல் பறிக்கும்போது, அது எங்கிருந்து வந்ததென்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டால், வடமராட்சிக் கரையில் ஒரு மேடு தப்பக்கூடும்.

மாலையில் கொண்டல் மெல்ல எழுந்தது. கரைவலை இழுக்க ஆட்கள் கூடினார்கள். இரு அணியாகப் பிரிந்து கயிற்றைப் பற்றி, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னோக்கி அடி வைத்தனர். வலை கரையை நெருங்க நெருங்க, தொலைவில் நின்ற இரண்டு அணியும் அருகருகே வந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்களும் கயிற்றிற் கை கொடுத்தார்கள். மடி கரையேறியபோது அதிற் சூடையும் நெத்தலியும் வெள்ளியாய்த் துள்ளின. சென்ற மாரியின் வெள்ளத்தையோ வரப்போகும் மாரியின் காற்றையோ அப்போது எவரும் பேசவில்லை. மீன் பங்கிடப்பட்டது, கணவனை இழந்த ஒரு பெண்ணின் கடகத்திலும், கயிறு பிடிக்காத அவளுக்கென்று, ஒரு பங்கு விழுந்தது.